விரலைத் தைக்கும் கைகள்

ஓசூர் சிப்காட் பக்கம் பிரஸ் மெஷினில் விரலைப் பறிகொடுத்தவர்களை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த விரலை மறுபடி பொருத்தும் மருத்துவர் எப்படி உருவாகிறார்? எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். இன்னொரு மூன்று. அதோடு நுண்ணோக்கிப் பயிற்சி வேறு: முதலில் கையுறை ரப்பரில் தையல், அப்புறம் கோழியின் ரத்தக்குழாயில். விரலின் ரத்தக்குழாய் சுமார் 1 மில்லிமீட்டர்தான். தைக்கும் நூலோ தலைமுடியைவிட மெல்லியது. பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து செய்கிற வேலை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே 1971-இல் தனிப்பிரிவு தொடங்கினார் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி. எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் அவருக்குக் கடன்பட்டவை. இப்படி ஒரு விபத்து நேர்ந்தால், துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரல்மீது ஐஸ் நேரடியாகப் படவே கூடாது.