பூப்பாத்திக்கு எந்தக் கரை?

புடவைக்குக் கரை எப்படியோ, பூப்பாத்திக்கு ஓரம் அப்படி. ஆனால் புடவைக் கரை பார்வைக்கு இருந்தால் போதும். பாத்தியின் கரைக்கு வேலையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்ணும் எருவும் நடைபாதையில் வழிந்து, வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழாமல் அது தடுக்க வேண்டும். அதே சமயம் தண்ணீரையும் தேக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் சாமான் தேர்ந்தெடுப்பது சுலபம்.

எங்கள் வீட்டில் செங்கல்தான். வீடு கட்டி மிஞ்சியதே போதும். 9 அங்குலக் கல்லை நீளவாட்டில் ஒருக்களித்து வைத்தால் 10 அடிக்கு 14 கல். நெருக்கமாக நிறுத்தி வைத்தால் 27 கல். பாதி உயரம் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். அடியில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, கெட்டித்துக்கொள்ளுங்கள். மூன்றடிக்கு ஒரு இடத்தில் அரை அங்குலம் சந்து விட்டு, உள்பக்கம் உடைந்த செங்கல் ஜல்லியைப் போட்டால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். சாய்த்து, ரம்பப் பல் மாதிரி நடுவது அழகுதான். குழந்தைகள் ஓடியாடும் பாதையில் மட்டும் அந்தக் கூர்முனை வேண்டாம்.

நன்றாக வெந்த கல்லா என்று பார்க்க, ஒன்றோடு ஒன்றைத் தட்டுங்கள். 'கணீர்' என்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. வேகாத கல் இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும்.

கருங்கல் தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் குவித்து அடுக்காதீர்கள். இடுக்கில் தேளும் பாம்பும் குடிவந்துவிடும். ஒரே வரிசையாக மண்ணில் பதியுங்கள். தேங்காய் மட்டைக்குச் செலவே இல்லை. குழிவுப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பதித்தால் தண்ணீர் தேங்காது. நாளடைவில் மக்கி உரமாகியும்விடும். கரையான் வரும் என்பதால் வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள், "அக்கா, பழைய பாட்டிலைத் தலைகீழா நட்டா ஜோரா இருக்குமே?" என்றாள். "இருக்கும்தான். அடிப்பக்கக் குழியில மழைத்தண்ணி நின்னா என்ன பண்ணுவே?" என்றேன். டெங்கு கொசுவுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். போதாததற்கு, உடைந்தால் காலைக் கிழிக்கும்.

இன்னொன்றும் பலர் கேட்கிறார்கள்: "மாடியில உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடக்கே, அதை வெட்டி நட்டுடலாமா?" வேண்டவே வேண்டாம்! வெட்டும்போதும் உடையும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் பறக்கும். அது மூச்சோடு நுரையீரலில் போய்த் தங்கினால் புற்றுநோய் வரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்றைக்குச் சுவாசித்த தூள் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்பதால், யாருக்கும் பயமே வருவதில்லை. ஏற்கெனவே நட்டிருந்தால் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், நன்றாக நனைத்து, உடையாமல், விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு எடுங்கள். குழந்தைகள் கிட்டே வர வேண்டாம்.

கல்லே வேண்டாம் என்பவர்களுக்கு உயிருள்ள கரை இருக்கிறது. பத்து மணிப் பூவை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். ஓமவல்லியும் அப்படியே. சளி, இருமலுக்குக் கஷாயம் வைக்க இரண்டு இலையும் கிடைக்கும்.

செங்கல் கரை வைத்திருப்பவர்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சும் சுண்ணாம்பை அதன் மேல் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள். மின்சாரம் போன இரவிலும் பாதை எதுவென்று வெள்ளையாகத் தெரியும்.