ஒரே தட்டில் நான்கு நாடுகள்

மொராக்கோவில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்புவோருக்குக் காத்திருப்பது ‘குஸ்குஸ்’ என்னும் உணவு. பெரிய தட்டொன்றைச் சுற்றிக் குடும்பத்தார் அமர்ந்து, அவரவர் முன்னுள்ள பகுதியிலிருந்து உண்பர்.

அரபியர் வருகைக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பெர்பர் மக்களின் கொடை இது என்பர். கோதுமை ரவையில் உப்புநீர் தெளித்து, நம் இல்லங்களில் புட்டுக்கு மாவு விரவுவதைப் போன்று, பெண்கள் உள்ளங்கையால் உருட்டிச் சிறு மணிகளாக்கிச் சலிப்பர். கீழ்ப்பானையில் இறைச்சியும் காய்களும் கொதிக்க, அதன் ஆவியிலேயே மேலுள்ள துளைப்பானையில் மணிகள் வேகும். மொராக்கோவில் ஏழு வகைக் காய்கள். துனீசியக் கடற்கரையில் மீன்.

இவ்வுணவு சோதனைக்கும் உள்ளானது. 1492இல் கிரனாடா வீழ்ந்தபின், ஸ்பெயினில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் குஸ்குஸ் உண்பதைக்கூட இஸ்லாத்தின் அடையாளமாகக் கருதி, விசாரணை மன்றங்கள் அவர்களை ஐயுற்றன. அடுப்பில் ஏறிய பானையே எதிர்ச்சாட்சியாய் மாறிய காலம் அது! அவர்தம் வழித்தோன்றல்கள் 1609 முதல் நாடு கடத்தப்பட்டனர்.

அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மௌரித்தானியா ஆகிய நான்கும் கூட்டாக அளித்த விண்ணப்பத்தை ஏற்று, 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் குஸ்குஸைச் சேர்த்தது. அல்ஜீரிய, மொராக்கோ நில எல்லையோ 1994 முதல் மூடிக் கிடக்கிறது. 2021இல் தூதரக உறவும் முறிந்தது. அரசுகள் பிணங்கினும் இருபுறத்துத் தாய்மாரின் கைப்பக்குவம் ஒன்றே.

இன்று கடைகளில் ஆயத்தப் பொட்டலங்கள் மலிந்துவிட்டன. பாட்டியரின் உள்ளங்கையிலிருந்து பேத்தியரின் உள்ளங்கைக்கு அக்கலை கைமாறினால்தான், ஏட்டில் ஏறிய மரபு வீட்டிலும் வாழும்.