அமல்ஃபிக்குக் கடல்தான் பழைய வழி

தெற்கு இத்தாலியின் அமல்ஃபிக் கடற்கரையைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் நேப்பிள்ஸில் வந்திறங்கி, அங்கேயே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொள்கிறார்கள். கோடைக்காலத்தில் இதைவிடச் சிரமமான வழி வேறு இல்லை. பொசிட்டானோ, அமல்ஃபி, ரவெல்லோ எனப் புகைப்படங்களில் பார்த்து மயங்கும் ஊர்கள் எல்லாம் சலேர்னோ மாகாணத்தைச் சேர்ந்தவை. மாகாணத்தின் தலைநகரான சலேர்னோ ஒரு துறைமுக நகரம். ரயில், பேருந்து, படகு மூன்றும் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்த நகரத்தை வாசலாக வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

கார் ஏன் வேண்டாம்? கடலோரமாகச் செல்லும் 163ஆம் எண் நெடுஞ்சாலை, 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், அப்போது இப்பகுதியை ஆண்ட போர்பன் மன்னர்கள் காலத்தில் மலைச்சரிவை வெட்டிப் போடப்பட்டது. அன்று ஓடியவை குதிரை வண்டிகள். இன்று அதே சாலையில் சுற்றுலாப் பேருந்துகளும் கார்களும் ஸ்கூட்டர்களும் வளைவுக்கு வளைவு ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்கின்றன. ஒருபக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கடல். அகலப்படுத்த இடமே கிடையாது. 2021 பிப்ரவரியில் அமல்ஃபி ஊரருகே பாறை சரிந்தபோது சாலையின் ஒரு பகுதியும் அதோடு போய்விட்டது. நெரிசலைக் குறைக்க 2022இல் புதிய விதி வந்தது: ஆகஸ்ட் மாதம் முழுவதும், கோடையின் மற்ற வார இறுதிகளிலும், காலை 10 முதல் மாலை 6 மணி வரை, நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெளியூர்க் கார்கள் ஓடலாம். வண்டியை எடுத்து வந்தவருக்கு அடுத்த தலைவலி அதை நிறுத்த இடம் தேடுவது.

ரயிலில் வருவது எளிது. ரோமிலிருந்து அதிவேக ரயில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் சலேர்னோவில் இறக்கிவிடும்; நேப்பிள்ஸிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இத்தாலியின் முதல் ரயில் பாதை 1839இல் நேப்பிள்ஸுக்கும் போர்த்திசிக்கும் இடையே போடப்பட்டது. அதே பாதைதான் பின்னாளில் தெற்கே நீண்டு இந்தப் பக்கம் வந்தது. சாதாரண ரயிலில் வருகிறவர்கள் அச்சிட்ட டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரிடும்.

விமானத்திலும் வரலாம். சலேர்னோவை அடுத்த பொந்தெகஞ்ஞானோவில் உள்ள விமான நிலையத்தில் 2024 ஜூலை முதல் பயணிகள் விமானங்கள் வந்து போகின்றன. ஆனால் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ரோமில் இறங்கி ரயில் பிடிப்பதே இன்றைக்கும் சுலபம்.

அமல்ஃபிக்கு ரயில் இல்லை. மலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. சலேர்னோ ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் கொன்கோர்தியா துறை. அங்கிருந்து படகில் சுமார் 35 நிமிடத்தில் அமல்ஃபி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பொசிட்டானோ. படகில் போவதற்கு நேரம் மட்டுமே காரணமல்ல. சாலை வருவதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இந்த ஊர்களின் பெருவழி கடல்தான். இடைக்காலத்தில் அமல்ஃபி ஒரு கடல் வணிகக் குடியரசு. அதன் பேராலயத்தின் வெண்கலக் கதவுகள் 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்க்கப்பட்டவை. படகிலிருந்து பார்க்கும்போதுதான் வீடுகள் ஏன் கடலைப் பார்த்து அடுக்கடுக்காக ஏறுகின்றன என்பது விளங்கும். சாலையில் போகிறவருக்கு அந்த முகம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

சலேர்னோ துறைமுகத்தின் மற்றொரு முனையில் இருக்கும் பயணியர் முனையமும் பார்க்க வேண்டியது. கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்தது. 2016 ஏப்ரலில் அது திறக்கப்பட்டபோது அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

படகுகள் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரைதான் ஓடும்; கடல் கொந்தளித்தால் அன்றைக்கும் ஓடாது. அப்போது கைகொடுப்பவை பேருந்துகள். சலேர்னோவிலிருந்து அமல்ஃபிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும், நெரிசல் நாளில் இன்னும் கூடும். டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்வது நல்லது. போகும்போது இடப்பக்க ஜன்னலோரம் அமர்ந்தால் வழியெல்லாம் கடல் தெரியும். அமல்ஃபியில் படகுத்துறைக்கு எதிரிலேயே பேருந்து நிற்கும் இடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரவெல்லோவுக்கு அங்கேயே வண்டி மாறலாம்.

மாகாணம் அமல்ஃபியோடு முடிந்துவிடவில்லை. கூட்டம் எட்டிப் பார்க்காத தென்பாதிக்கு ரயிலே போதும். சலேர்னோவிலிருந்து சாதாரண ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் பாயெஸ்தும் வந்துவிடும். நிலையத்திலிருந்து பழைய நகர மதிலின் வாயில் வழியாக நடந்தே போனால், கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கர்கள் கட்டிய மூன்று கோவில்கள். அதே தண்டவாளம் அக்ரோபொலி, பிஷோத்தா வழியாகச் சீலெந்தோ கடலோரத்தில் இறங்கி, மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஸாப்ரி வரை போகிறது. அதிவேக ரயில்கள் பெரும்பாலும் பாயெஸ்தும் நிலையத்தில் நிற்பதில்லை என்பதால், ஏறுமுன் நிறுத்தங்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.