ஆளும் இல்லை, கடையும் இல்லை... அந்தமான் ஜாலி பாய் தீவுக்கு பாதி வருஷம் 'லீவு' ஏன்?

இரவு தங்க அனுமதி கிடையாது. டீக்கடை கிடையாது. குடியிருப்பவர் ஒருத்தர் கூட கிடையாது. ஆனாலும் அந்தமான் டூர் போகிறவர்கள் தவறவிடக் கூடாது என நினைக்கும் இடம் ஜாலி பாய் தீவு. கரையிலிருந்து கொஞ்ச தூரம் மிதந்தாலே தெளிந்த தண்ணீருக்கு அடியில் பவளப்பாறைகள் தெரியும் என்பதுதான் காரணம்.

எப்படி போவது?

போர்ட் பிளேயரில் இருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) சுமார் 30 கி.மீ. தூரத்தில் வண்டூர் படகுத்துறை. மலப்புரத்தில் இருக்கும் வண்டூரின் பெயர்தான் இது. 1921 மாப்பிள்ளை கிளர்ச்சிக்குப் பிறகு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்கள், சொந்த ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

வண்டூரில் இருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசிய பூங்காவுக்குள் இந்தத் தீவு வருவதால், வனத்துறை அனுமதிச் சீட்டு கட்டாயம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கும் உண்டு. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் நாமே எடுத்துப் போகணும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு தடை. பையை சோதித்த பிறகுதான் படகில் ஏற்றுவார்கள்.

ஏன் 'லீவு'?

ஜாலி பாய் தோராயமாக நவம்பர் முதல் மே வரை திறந்திருக்கும். மழைக்காலத்தில் இதை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ரெட் ஸ்கின் தீவுக்கு அழைத்துப் போவார்கள். பார்க்க பாறை மாதிரி இருந்தாலும் பவளம் உயிருள்ளது. கோடிக்கணக்கான சின்னச் சின்ன உயிரினங்கள் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வீடு அது. உருண்டை வடிவப் பவளங்கள் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். களைப்பாக இருக்கிறதே என்று அதன் மேல் ஒருவர் காலை ஊன்றினால், பல வருஷ வளர்ச்சி ஒரு நொடியில் உடைந்துவிடும். மனிதக் கால்களிடம் இருந்து கொடுக்கும் ஓய்வுதான் இந்த லீவு.

ஆனால் வெப்பத்துக்கு லீவு கிடையாது. பவளத்துக்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் கொடுப்பது அதற்குள் வாழும் நுண்பாசிகள். கோடை உச்சத்தைவிட கடல்நீர் ஒரு டிகிரி கூடுதலாகி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 2010-ல் அந்தமான் பவளங்கள் இப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தன. சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். சுற்றுலாப் பயணிகளைக் கட்டுப்படுத்தி வெப்பத்தை நிறுத்த முடியாதுதான். ஆனால் வெளுத்துப்போன பவளம் தேறி வர, மிதிபடாமல் இருப்பது பெரிய உதவி.

நீச்சல் தெரியாதே?

பரவாயில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் போதும். முகக்கவசத்துக்குள் முடி சிக்கினால் தண்ணீர் கசியும்; பெரிய மீசைக்காரர்களுக்கு இது கொஞ்சம் தொல்லைதான். மூக்கை மறந்துவிட்டு வாயால் நிதானமாக மூச்சு விடணும். தண்ணீரில் இறங்கவே பயம் என்றால் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கு.

சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாது என்று சொல்லி, ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனைக்கே தடை போட்டுவிட்டார்கள்.

செத்த பவளம்தானே என்று ஒரு துண்டை பையில் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. கடினப் பவளங்களுக்கு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பு; சிறைத் தண்டனை வரை போகும்.

'இதற்கு அந்தமான் வரை போகணுமா, நம்ம மன்னார் வளைகுடாவில் 21 தீவு இருக்கே' என்று கேட்கலாம். அந்தத் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. திரும்பும்போது வண்டூர் கடற்கரையில் குளிக்க ஆசைப்பட்டால், முதலை எச்சரிக்கைப் பலகையை முதலில் படித்துவிடுங்கள்.