குளிர்சாதனப் பெட்டியின் உள்விளக்கு

வெப்பத்தை வெளியேற்றுதற்கென்றே அமைந்தது குளிர்சாதனப் பெட்டி. அதனுள்ளே வெப்பத்தை உமிழும் விளக்கொன்றை நெடுங்காலமாக நாம் வைத்திருந்தோம். பழைய இழைக்குமிழ் தான் பெறும் மின்சத்தியிற் பத்திலொரு பங்குக்கும் குறைவானதையே ஒளியாக்கும். எஞ்சியது வெப்பமாய்ப் போகும். ஆதலின் அக்குமிழ் பழுதுற்றவிடத்து, எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிக் குமிழைப் பொருத்துதல் நன்று என்பர். கூற்று மெய்யே. ஆயினும் அதனால் எய்தும் பயன் எத்துணை என்பதை அளந்தறிதல் வேண்டும்.

எல்.ஈ.டி. குமிழிற் சுட்டெரியும் இழை இல்லை. குறைகடத்தியினூடே மின்னோட்டம் செல்லுங்கால் ஒளி பிறக்கின்றது. செவ்வொளி தரும் இருவாயியை அமெரிக்கரான நிக் ஹொலொனியாக் 1962 ஆம் ஆண்டில் ஆக்கிக் காட்டினார். வெள்ளொளிக்கு வழிதிறந்த நீலவொளி இருவாயிக்காக அகசாகி, அமனோ, நக்கமுறா என்னும் மூவர் 2014 இற் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். குளிர் இவ்வகைக் குமிழுக்குப் பகையன்று; அடிக்கடி ஏற்றி அணைப்பதாலும் அது எளிதிற் கெடுவதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பழைய குமிழ் 15 உவாற்று எனவும், கதவு நாளொன்றுக்கு மொத்தம் அரைமணி நேரம் திறந்திருக்கும் எனவும் கொள்வோம். ஆண்டுக்குச் செலவாவது ஏறக்குறைய 2.7 அலகு மின்சாரம். 1.5 உவாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு 0.27 அலகு. மிச்சம் ஆண்டொன்றுக்கு இரண்டரை அலகே! மின்கட்டணம் பெரிதும் குறையுமென எண்ணிக் குமிழ் மாற்றுவோர் ஏமாற்றமே அடைவர்.

ஆனாற் கதவை மூடியபின்னும் விளக்கு எரியுமாயின் நிலைமை வேறு. 15 உவாற்றுக் குமிழ் இரவுபகலாக எரிந்தால் ஆண்டுக்கு 131 அலகு செலவாகும். அவ்வெப்பத்தை வெளியேற்றப் பொறி மேலும் உழைக்கும், உணவும் கெடும். எனவே குமிழினும் முதன்மையானது கதவோரத்து ஆளியே. கைத்தொலைபேசியிற் காணொளிப் பதிவை இயக்கி உள்ளே வைத்துக் கதவைச் சிறிது நேரம் மூடிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

குமிழை மாற்றுமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடல் இன்றியமையாதது. கதவு திறந்திருக்கையில் ஆளி மூடிய நிலையிலிருக்கும். ஆதலாற் குமிழ் எரியாவிடினும் தாங்கியில் மின் இருக்கலாம். ஈரக்கையும் உலோகமும் மின்னும் ஓரிடத்திற் கூடுதல் உயிருக்கு இறுதி பயக்கும். பழைய குமிழ் சூடாறியபின் அதனைக் கழற்றி, அதன் அடியையும் நீளத்தையும் புதியதனோடு ஒப்பிடுக. பல பெட்டிகளில் 14 மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகடியே உண்டு. அடி பொருந்தினும் குமிழ் நீண்டதாயின் மூடி பொருந்தாது. நம் நாட்டு 230 உவோல்ற்று மின்னுக்கு உரியதோ என்பதையும் நோக்குக. புதிய பெட்டிகள் பலவற்றில் எல்.ஈ.டி. தகடே பதிக்கப்பட்டிருக்கும், அவற்றைத் தொழில் அறிந்தவரிடம் விடுதலே தகும்.

மாணாக்கர் தத்தம் வீட்டுப் பெட்டிக்கும் இக்கணக்கைச் செய்து பார்ப்பாராக. உவாற்றை மணியாற் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வரும் எண்ணே அலகு. விற்போர் சொல்லைக் கேட்குமுன் அவ்வெண்ணைக் கேட்டறிதல் நலம்.