கறுப்பு சிலிக்கான்: ஒளியை விழுங்கும் ஊசிக்காடு

மெருகேற்றிய சிலிக்கான் தகட்டில் முகம் பார்க்கலாம். சூரிய மின்சாரத்துக்கு உலகமே நம்பியிருக்கும் பொருளுக்கு இது நல்ல குணம் இல்லை. விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிலிக்கானுக்கு அது ஏறக்குறைய 4. எல்லையைக் கடக்கும்போது இந்த எண் எவ்வளவு சட்டென்று மாறுகிறதோ, அவ்வளவு ஒளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

தொழிற்சாலைகள் இதற்கு இரண்டு வைத்தியம் வைத்திருக்கின்றன. தகட்டைக் காரக் கரைசலில் முக்கி, மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் உயரப் பிரமிடுகளை அரித்தெடுப்பது ஒன்று. ஒரு சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்துச் சரிவில் மோதி, உள்ளே நுழைய இன்னொரு வாய்ப்புப் பெறும். மற்றது, சுமார் 75 நானோமீட்டர் தடிமனில் சிலிக்கான் நைட்ரைடு பூச்சு. மொட்டைமாடிப் பேனல்களில் நாம் பார்க்கும் நீலம் இந்தப் பூச்சின் உபயம். குறையைக் காட்டிக்கொடுப்பதும் அதே நீலம்தான்: நம் கண்ணுக்கு வந்து சேரும் நீல ஒளி, மின்சாரமாகாமல் தப்பிய ஒளி.

மூன்றாவது வழி ஒளியையே ஏமாற்றுவது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிடக் குறுகலான ஊசிகளை சிலிக்கான் பரப்பில் நெருக்கமாக எழுப்பினால், ஒளிக்குத் தனித்தனி ஊசி தெரியாது. காற்றும் சிலிக்கானும் கலந்த ஒரு பொருளாகத்தான் தெரியும். நுனியில் பெரும்பாலும் காற்று, அடியில் பெரும்பாலும் சிலிக்கான். ஒளிவிலகல் எண் 1-லிருந்து 4-க்குக் குளத்துப் படித்துறை மாதிரி மெல்ல மெல்ல ஏறுகிறது. திரும்பிப்போக எல்லையென்று ஒன்று இருந்தால்தானே! இரவில் திரியும் அந்துப்பூச்சியின் கண்ணிலும் சுமார் 200 நானோமீட்டர் இடைவெளியில் இத்தகைய முனைகள் உண்டு. இந்த ஊசிகள் முளைத்த சிலிக்கான் கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். அதனால்தான் கறுப்பு சிலிக்கான் என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், சிப் தயாரிப்பவர்களுக்கு இது ஒரு தொல்லையாகவே அறிமுகமானது. பிளாஸ்மாவால் ஆழமான பள்ளம் அரிக்கும்போது, அளவுகள் தவறினால் அடியில் ஊசிகள் முளைக்கும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஹென்றி யான்சன் குழு 1995-இல் அந்தக் கறுப்பையே அடையாளமாக வைத்து, அரிப்பு எந்திரத்தின் அளவுகளைச் சரிசெய்யும் முறையை வெளியிட்டது. சில ஆண்டுகளில் ஹார்வர்டில் எரிக் மாசூரின் ஆய்வகம், கந்தகம் அடங்கிய வாயுச் சூழலில் ஃபெம்டோசெகண்ட் லேசரைப் பாய்ச்சி இன்னொரு வகைக் கறுப்பை உண்டாக்கியது.

இவ்வளவு ஒளியை விழுங்கும் பொருளில் செய்த மின்கலங்கள் நீண்ட நாள் ஏமாற்றமே தந்தன. ஒளி உள்ளே போனால் மட்டும் போதாது. அது விடுவிக்கும் எலக்ட்ரான், மின்வாய்வரை உயிரோடு போய்ச் சேர வேண்டும். சிலிக்கானின் மேற்பரப்பில் பிணைப்புக் கிடைக்காத அணுக்கள் எலக்ட்ரான்களைப் பிடித்து வீணாக்கிவிடும். ஊசிகள் மேற்பரப்பைப் பல மடங்கு பெருக்குவதால் பொறிகளும் பல மடங்கு. நீல ஒளி சிலிக்கானுக்குள் ஆழமாகப் போவதில்லை. ஊசிகளிலேயே உறிஞ்சப்பட்டு அங்கேயே வீணாகும். பூச்சு கோட்டைவிட்ட நீலத்தைப் பிடிக்கத்தான் ஊசி. பிடித்த நீலத்தை ஊசியே தின்றுவிட்டது.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2012-இல், எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு எதுவுமில்லாத கறுப்பு மின்கலத்தில் 18.2 சதவீதத் திறனை எட்டியது. பெரிய தாவல் 2015-இல் வந்தது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலே சாவின் குழு, பார்சிலோனா ஆய்வாளர்களோடு சேர்ந்து 22.1 சதவீதத்தைத் தொட்டது. மின்வாய்களை எல்லாம் பின்பக்கம் தள்ளினார்கள். ஊசிகளுக்கு மெல்லிய அலுமினியம் ஆக்சைடு போர்வை போர்த்தினார்கள். அந்தப் போர்வையில் தங்கியிருக்கும் எதிர்மின்னூட்டம் எலக்ட்ரான்களை மேற்பரப்பை அண்டவிடாது. ஊசிகளின் சந்துபொந்தெல்லாம் சீராகப் பூச, வாயுக்களை மாற்றி மாற்றிச் செலுத்தி அணுவடுக்கு அணுவடுக்காகப் படியவைக்கும் முறை உதவியது. அதை 1970களில் மின்னொளிக் காட்சித்திரைகளுக்காக உருவாக்கிய துவோமோ சுந்தோலாவும் பின்லாந்துக்காரர்தான்.

என் பார்வையில் அந்த ஆய்வின் சிறப்பு 22.1 என்ற எண்ணைவிட இன்னொன்றில் இருக்கிறது. சாய்வாக வரும் ஒளியையும் ஊசிக்காடு தவறவிடுவதில்லை. அதே திறனுள்ள சாதாரண மின்கலத்தைவிட ஒரு நாளில் 3 சதவீதம் கூடுதல் மின்சாரம் கிடைக்கும் என்று காட்டினார்கள். குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தைவிட்டு அதிகம் எழாத ஹெல்சின்கி போன்ற ஊருக்கு இது சும்மா இல்லை.

சந்தையில் கதை வேறு. பல்படிக சிலிக்கானை வைரக் கம்பியால் அறுக்கத் தொடங்கியபோது அதற்கு வழக்கமான அமில அரிப்பு சரியாக எடுபடவில்லை. சில சீனத் தொழிற்சாலைகள் வெள்ளி நானோதுகள்களால் துளையிட்டுக் கறுப்பாக்கும் முறைக்கு மாறின. ஆனால் ஒற்றைப்படிகத் தகடு மலிவாகிப் பல்படிகத்தையே ஓரங்கட்டியது. ஒற்றைப்படிகத்துக்குப் பிரமிடே போதும், மலிவும் கூட. மேலே மூடும் கண்ணாடி தன் பங்குக்கு 4 சதவீதம் அளவில் ஒளியைத் திருப்புவதால், ஊசிகளின் ஆதாயமும் சுருங்குகிறது. கூரையில் தோற்ற கறுப்பு சிலிக்கான் இன்று ஒளியுணர்விகளில்தான் நன்றாகப் பிழைக்கிறது.

வீட்டுக்கு சோலார் போட விசாரிப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'முழுக் கறுப்பு' என்று விற்கப்படும் பேனல்கள் பொதுவாகப் பிரமிடு அரித்த ஒற்றைப்படிக மின்கலங்கள்தான். சட்டமும் பின்தாளும் கறுப்பு, அவ்வளவே. நிறத்தைப் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். விவரத்தாளில் திறன் சதவீதத்தையும் வாட் அளவையும் கேளுங்கள்.