மேஜிக் பொருள் வாங்கப் போறீங்களா? ரகசியத்தைப் பார்க்காமலே தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மைசூருவில் பட்டுப் புடவை வாங்குவது ஒருவகையில் சுலபம். 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய ஆலை இன்று கர்நாடக பட்டுத் தொழில் கழகத்தின் கையில் இருக்கிறது. அங்கே நெய்யும் ஒவ்வொரு புடவைக்கும் தனி எண் உண்டு. புவிசார் குறியீடும் உண்டு. சந்தேகம் இருந்தால் எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.

அதே ஊரில் ஒரு கல்லூரி மாணவர், பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் ஷோ செய்து சம்பாதிக்கலாம் என்று சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால்? அவர் வாங்கப்போகும் பெட்டிக்கு முத்திரை கிடையாது, தரச் சான்று கிடையாது. திறந்து பார்க்கவும் விடமாட்டார்கள். "ரகசியத்தைக் காட்டிட்டா அப்புறம் எதுக்கு வாங்குவீங்க?" என்பார் கடைக்காரர். அவர் கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் ரகசியம் வேறு, தயாரிப்பின் தரம் வேறு. ரகசியத்தைக் கேட்காமலே தரத்தைப் பார்க்க முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

பணம் கொடுக்கும் முன் என்ன கேட்கணும்?

டெமோ வீடியோவைப் பார்த்து மயங்குவதுதான் முதல் தவறு. அது ஒரே கோணத்தில், நல்ல வெளிச்சத்தில், பலமுறை எடுத்ததில் சிறந்த ஒன்றாக இருக்கலாம். கடைக்காரரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எதற்குமே அவர் ரகசியத்தைச் சொல்லத் தேவையில்லை.

1. எந்தப் பக்கம் ஆட்கள் உட்காரக் கூடாது? மேடைக்காகச் செய்த பொருள் முன்பக்கப் பார்வையாளர்களுக்கு மட்டுமே சரியாக இருக்கும். நம் ஊர் விழாக்களில் குழந்தைகள் சுற்றி உட்காருவார்கள், இரண்டு பேர் பின்னால் வந்தே நிற்பார்கள்.

2. ஷோவுக்கு முன் தயார் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஒருமுறை செய்தபின் மறுபடி தயார் செய்ய எவ்வளவு நேரம்? ஒரே நாளில் இரண்டு ஷோ இருந்தால் இது முக்கியம்.

3. பார்வையாளர் கையில் கொடுக்கலாமா? கூடாது என்றால் "அங்கிள், ஒரு தடவை குடுங்க" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கப் போகிறீர்கள்?

4. முதலில் எது தேயும்? ரப்பர், நூல், ஸ்பிரிங், காந்தம், பேட்டரி என்று ஏதோ ஒன்று தேயத்தான் செய்யும். "எதுவுமே ஆகாது சார்" என்ற பதில் வந்தால் உஷாராகுங்கள். உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

5. செய்முறை விளக்கம் எந்த மொழியில், எந்த வடிவில் வரும்? மலிவான நகல் பொருட்களில் பல நேரம் விளக்கமே இருக்காது. மூலத்தை உருவாக்கியவருக்கு அதில் ஒரு பைசாவும் போகாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்து என்ன பார்க்கணும்?

துணி: மேஜிக் கைக்குட்டைக்கு மெல்லிய பட்டுதான் வேண்டும். உள்ளங்கைக்குள் சுருங்கி, விட்டவுடன் விரிய வேண்டும். இதற்குப் பயன்படும் மெல்லிய பட்டு சதுர மீட்டருக்குச் சுமார் 22 கிராம்தான் இருக்கும். அப்படியென்றால் 45 செ.மீ. சதுரக் கைக்குட்டை 5 கிராமைத் தாண்டாது. சமையலறை டிஜிட்டல் தராசிலேயே பார்த்துவிடலாம். மைசூரு பட்டு முறுக்கிய இழையில் நெய்த கிரேப் வகை. புடவையாகக் கட்டும்போது அழகாக விழுவதற்காகச் செய்தது. நல்ல பட்டு என்பதற்காக அதை வெட்டிக் கைக்குட்டை ஆக்கினால் கைக்குள் அடங்காது.

பட்டா, பாலியஸ்டரா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாசனை அடித்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். வாங்கியபின் வீட்டில் செய்ய வேண்டிய சோதனை இது, கடையில் அல்ல.

உலோகம்: வளையங்களை வாங்கினால் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய துணியால் சுற்றிப் பிடித்துத் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே வெல்டிங் சரியாகத் தேய்க்கப்படவில்லை. ஒவ்வொன்றையும் தட்டி ஓசையைக் கேளுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கும் அது கேட்கும். குரோம் பூசிய இரும்பு காந்தத்தில் பளிச்சென்று ஒட்டும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய ஒட்டாது. மைசூருவில் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அதே வளையம் சென்னை, தூத்துக்குடி கடற்காற்றில் இருந்தால் பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கும்.

மரக் கிண்ணம்: கிண்ணமும் பந்தும் நம் தெருவித்தைக்காரர்களின் பழைய வித்தை. இந்தியக் கிண்ணங்களில் மேலே பிடிக்க ஒரு குமிழ் இருக்கும். மைசூரு–பெங்களூரு சாலையில் இருக்கும் சென்னபட்டணா, வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு பூசும் கடைசல் வேலைக்குப் பேர் போன ஊர். பொம்மைக் கடைசல் தெரிந்தவரிடம் அளவு கொடுத்துக் கிண்ணம் செய்யச் சொல்லலாம். ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே மரத்தில் செய்யச் சொல்லுங்கள். வந்ததும் எடை போட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். எது எது என்று கைக்குத் தெரிந்தால் பழக்கம் சிக்கலாகும். சரியாகக் காயாத மரம் சில மாதங்களில் விரிசல் விடும். விரலால் சுண்டினால் விரிசல் விட்ட கிண்ணம் கரகரக்கும்.

பெட்டி: பிளைவுட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேளுங்கள். பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கீல் சத்தத்தைக் கேளுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, கருப்பு வண்ணம் பளபளக்கிறதா என்று பாருங்கள். மேடையின் எல்.இ.டி. வெளிச்சம் இதைவிடக் கடுமையானது. மைசூரு ரோஸ்வுட் பதிப்பு வேலை பார்க்க அற்புதம்தான். ஆனால் ரோஸ்வுட் கனமான மரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறப்போவது நீங்கள்தான்.

சீட்டு: மைசூருவின் கஞ்சீஃபா சீட்டுகள் கையால் வரைந்தவை, பெரும்பாலும் வட்ட வடிவம். வாங்கி மாட்டி வைக்கலாம், கலைத்துப் போட அல்ல. மேஜிக்குக்கான தனிச் சீட்டு வாங்கினால், சாதாரணக் கட்டோடு சேர்த்துப் பாருங்கள். போக்கர் அளவு என்பது 63.5 மி.மீ. அகலம், பிரிட்ஜ் அளவு சுமார் 57 மி.மீ. முதுகுப்பக்க நிறமும் ஓர வெட்டும் ஒரு நூலளவு மாறினாலும் கட்டை விரித்தவுடன் தெரிந்துவிடும்.

பத்து முறை வேலை செய்தால் போதாதா?

போதாது. ஒரு பொருள் 20 முறைக்கு ஒருமுறை சொதப்பும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடையில் பத்து முறை செய்து பார்த்தால், ஒரு தவறும் கண்ணில் படாமல் போக 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 60 முறை செய்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஆகவே கடையில் பத்து, வீட்டில் ஐம்பது. வாங்கிய முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். மாற்றித் தரச் சொல்லவும் அப்போதுதான் முடியும்.

அந்த ஐம்பதில் சிலவற்றைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். போனை உங்கள் முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண் உயரத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எடுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இன்றைய விழாக்களில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நீங்கள் இப்போது பார்ப்பதை அவர்கள் அன்றிரவே பார்ப்பார்கள்.

தரம் குறைந்தால் ஷோதானே கெடும், வேறென்ன?

சில பொருட்களில் உயிரே போகும். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 'சுங் லிங் சூ' என்ற பெயரில் சீனராக வேடமிட்டு ஷோ நடத்தி வந்தார். சுடும் குண்டைத் தட்டில் பிடிப்பது அவருடைய பிரபல வித்தை. குண்டு வெளியே வராதபடி துப்பாக்கி மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. 1918 மார்ச் 23 அன்று லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் அது நிஜமாகவே சுட்டது. மறுநாள் அவர் இறந்தார். பல ஆண்டுப் பயன்பாட்டில் துப்பாக்கியின் உட்பகுதி தேய்ந்து, வெடிமருந்துத் துகள் போகக்கூடாத இடத்துக்குக் கசிந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. செய்தபோது அது நல்ல கருவிதான். தேய்மானத்தை யாரும் கவனிக்கவில்லை. "முதலில் எது தேயும்?" என்ற நான்காவது கேள்வியின் அர்த்தம் இதுதான்.

நம் நாட்டில் 2019 ஜூனில் கொல்கத்தாவைச் சேர்ந்த சஞ்சல் லாஹிரி, கட்டப்பட்ட நிலையில் ஹூக்ளி நதியில் இறங்கித் தப்பிவரும் வித்தையைச் செய்தபோது உயிரிழந்தார். நீர், பூட்டு, கத்தி, துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதையும் ஆன்லைனில் பார்த்து வாங்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் நேரில் கற்காமல் தொடவும் வேண்டாம். ஆளைப் படுக்க வைக்கும் பெட்டி என்றால், உள்ளே இருப்பவர் வெளியாள் உதவியின்றி எத்தனை நொடியில் வெளியே வர முடியும் என்று கேளுங்கள். காற்று எங்கே வரும் என்றும் கேளுங்கள்.

நொடியில் எரிந்து மறையும் ஃபிளாஷ் பேப்பர் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. அதை கூரியரில் வரவழைப்பதும், விமானத்தில் கொண்டுபோவதும் ஆபத்து மட்டுமல்ல, சட்டச் சிக்கலும்கூட. பந்தலுக்குக் கீழே, செயற்கை இழை உடை போட்ட குழந்தைகளுக்கு நடுவே அது வேண்டவே வேண்டாம்.

புறா, முயலோடு சேர்த்துப் பெட்டி விற்றால்? 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 2001-ம் ஆண்டு விதிகளின்படி, விலங்குகளைப் பழக்கிக் காட்சிக்குப் பயன்படுத்தப் பதிவு கட்டாயம். பஞ்சுப் புறா போதும். பிள்ளைகள் அதற்கும் கைதட்டுவார்கள்.

"ரகசியம் வித்தாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்றால்?

ரகசியம் இவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருப்பது குறைபாடு ஆகாது. அதற்காகப் பணம் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் பொருள் பழுதாக இருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். ஆன்லைனில் விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லாவிட்டாலும், 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது.

'நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை' என்று சொன்னால் பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால் வேலை சுலபம்.

முதன்முறை வாங்குபவர் என்ன செய்யலாம்?

சேமிப்பு முழுவதையும் ஒரு பெரிய பெட்டியில் போடாதீர்கள். ஒரு கட்டுச் சீட்டு, ஒரு கயிறு, நாலு நாணயம், மூன்று கிண்ணம் இருந்தாலே பதினைந்து நிமிட ஷோ தேறும். அவற்றில் பழுதாக ஒன்றுமில்லை. சொதப்பினால் அது உங்கள் கை, பழகினால் சரியாகிவிடும். பத்து ஷோ செய்தபின் உங்கள் பார்வையாளர் எங்கே உட்காருகிறார், எதைக் கையில் கேட்கிறார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது கடைக்குப் போனால், டெமோ முடிந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "இதை எப்படி செய்றீங்க?" என்பதாக இருக்காது. "பக்கத்துல நின்னு பார்க்கலாமா?" என்பதாக இருக்கும்.